சுரங்கம் ஒவ்வொன்றும் வரம்புக்குள், ஓடை வரம்புக்கு வெளியே: சேர்ந்து விளையும் பாதிப்பை எப்படி அளப்பது?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர், 2025 பிப்ரவரி 9, காலை

எங்கள் ஊருக்குக் கீழே ஓடும் ஓடையை ஒட்டி ஒரு தங்கும் விடுதி, ஒரு கேரட் கழுவும் நிலையம், ஒரு சாலை விரிவாக்கம் என்று அடுத்தடுத்து வந்துவிட்டன. ஒவ்வொன்றின் தாளிலும் "ஓடைக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்றே எழுதியிருக்கிறது. ஓடையோ கோடையில் நாற்றம் எடுக்கிறது. நிலக்கரிப் பகுதிகளில் பல சுரங்கங்களின் பாதிப்பைச் சேர்த்துக் கணக்கிடும் முறை உண்டு என்று கேள்விப்பட்டேன். அது உண்மையில் நடக்கிறதா, அறிக்கையில் வரும் ஒரு அத்தியாயத் தலைப்பு மட்டும்தானா? நிலக்கரியே இல்லாத நம் மலைக்கு அதனால் பயன் உண்டா?

பிப்ரவரி 9, இரவு

முறை இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டின் மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதை இரண்டாகப் பிரித்தது. தன் சுரங்கத்தால் நீருக்கு என்ன நேரும் என்பதை விண்ணப்பிக்கும் நிறுவனம் எழுதித் தர வேண்டும். அந்தப் பகுதியில் இருக்கிற, வரவிருக்கிற எல்லாச் சுரங்கங்களும் சேர்ந்து நீர்ச்சமநிலையை என்ன செய்யும் என்பதை அனுமதி வழங்கும் அரசு அமைப்பே மதிப்பிட வேண்டும். அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே "பொருண்மையான சேதம்" நேராது என்று உறுதியானால்தான் அனுமதி. இந்தப் பிரிவினை சரியானது என்பதே என் எண்ணம். பக்கத்துச் சுரங்கத்தின் கணக்கு இந்தச் சுரங்கத்துக்காரர் கையில் இருக்காது, இருந்தாலும் அவர் அதைக் கூட்டிக் காட்ட மாட்டார். எல்லாருடைய தாள்களும் வந்து சேரும் மேசையில்தான் கூட்டல் நடக்க முடியும்.

பணிக்காலத்தில் பல ஆண்டுகளை ஒடிசாவின் நிலக்கரி வயல் ஒன்றில், நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கழித்தவன் நான். ஒரே ஓடையில் மேலிருந்து கீழாக மூன்று சுரங்கங்களின் வடிநீர் வந்து விழும். மூன்று வாய்க்கால் முனைகளிலும் மாதிரி எடுத்து மூன்று அறிக்கைகள் எழுதுவோம், மூன்றிலும் எல்லா எண்களும் வரம்புக்குள் இருக்கும். மூன்றும் கலந்த பின் ஓடை எப்படி இருக்கிறது என்று மாதிரி எடுக்கும் இடம் எங்கள் பட்டியலிலேயே இல்லை. கீழ்க்கரைக் கிராமத்துப் பெண்கள் அந்த நீரில் பருப்பு வேகவில்லை என்று சொல்வார்கள். அதை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

பிப்ரவரி 11

"வரம்புக்குள் இருக்கும் மூன்று சேர்ந்தால் எப்படி வரம்பு மீறும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எண் கொண்டு சொல்கிறேன். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

ஓர் ஓடையில் மழைக்காலத்தில் நொடிக்கு 1000 லிட்டரும் கோடையில் 20 லிட்டரும் ஓடுகின்றன என்றும், அதன் இயல்பான சல்பேட்டு (கந்தகம் கலந்த உப்பு) லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். சுரங்கம் ஒவ்வொன்றும் நொடிக்கு 20 லிட்டர் நீரை, லிட்டருக்கு 400 மில்லிகிராம் சல்பேட்டோடு, ஆண்டு முழுவதும் இறைத்து விடுகிறது. மழைக்காலத்தில் ஒரு சுரங்கம் மட்டும் இருந்தால் ஓடையில் சல்பேட்டு ஏறத்தாழ 18, மூன்று இருந்தால் 32. யாரும் கவலைப்பட மாட்டார்கள். கோடையில் ஒரு சுரங்கம் இருந்தாலே 205, மூன்று இருந்தால் 302. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாகச் சொல்வது 200. வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 400 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

செறிவுக்கு வரம்பு வைத்தால் மொத்தச் சுமைக்கு வரம்பு வைத்ததாகாது. மேற்சொன்ன மூன்று சுரங்கங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஓடைக்குள் இறக்கும் சல்பேட்டு இரண்டு டன்னுக்கும் மேல். அந்த இரண்டு டன் எந்தச் சுரங்கத்தின் அறிக்கையிலும் தென்படாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கோடையில் அந்த ஓடையில் ஓடும் 80 லிட்டரில் 60 லிட்டர் சுரங்க நீர். பெயர் மட்டும் பழைய ஓடையின் பெயர்.

பிப்ரவரி 12

நம் இந்தியச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் பலவற்றில், திட்டத்துக்கு முன் ஓடை இருக்கும் நிலையைச் சொல்லும் அடிப்படைத் தரவு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துக்கு மட்டும் எடுக்கப்படுகிறது. அந்த ஒரு பருவம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் கோடையின் ஒடுங்கிய ஓட்டமும் பதிவாகாது, முதல் மழை கழுவிக்கொண்டு வரும் அழுக்கும் பதிவாகாது. மேலே போட்ட கணக்கை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

பிப்ரவரி 16

இந்தத் துறையில் நான் அடிக்கடி திரும்பிச் செல்லும் ஆய்வு, மேற்கு வர்ஜினியாவின் மேல் மட் ஆற்றில் டியூக் பல்கலைக்கழகத்தார் செய்து 2011இல் வெளியிட்டது. அங்கே மலையுச்சியை வெடித்துச் சரித்து நிலக்கரியை எடுத்தபின், உடைத்த பாறையை அருகிலுள்ள பள்ளத்தாக்கில் கொட்டி நிரப்புவார்கள். பள்ளத்தாக்கின் அடியில் ஓடிய சிற்றோடை அந்த நிரப்புக்குள் மறைந்துபோகும். 1985 முதல் 2001 வரை அப்பலாச்சிய மலைகளில் இப்படிப் புதைந்த ஓடைகளின் நீளம் 724 மைல் என்பது அவர்களுடைய அரசே தந்த கணக்கு.

ஆய்வாளர்கள் ஆற்றின் நெடுகிலும் பல இடங்களில் நீர் எடுத்தார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மேலே நீர்பிடிப்புப் பகுதியில் எவ்வளவு நிலம் வெட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அளந்தார்கள். வெட்டிய பரப்பு கூடக்கூட, அதே விகிதத்தில் நீரின் மின்கடத்துதிறனும் (கரைந்த உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு) செலினியம் என்ற தனிமமும் கூடின. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே மூடி, புல் வளர்த்து, "மீட்டெடுக்கப்பட்டது" என்று கணக்கு முடித்த சுரங்கங்களும் அந்தக் கூட்டலில் தம் பங்கைச் செலுத்திக்கொண்டே இருந்தன. இந்த இரண்டாவது முடிவுதான் என்னைத் தூங்கவிடாதது. மூடிய சுரங்கத்தை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

நிலக்கரி நீர் என்றால் அமிலம் என்றே பலர் நினைக்கிறார்கள். பாறையிலுள்ள பைரைட்டு என்ற இரும்பு–கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாவது உண்மைதான். பக்கத்தில் சுண்ணாம்புத் தன்மையுள்ள பாறை இருந்தால் அந்த அமிலம் அங்கேயே முறிந்துவிடும். அப்போது நீர் தெளிவாக இருக்கும், அமிலத்தன்மை சோதனையும் இயல்பாகக் காட்டும். ஆனால் முறிந்த அமிலம் கால்சியம், மெக்னீசியம், சல்பேட்டு, பைகார்பனேட்டு என்று உப்புகளாக நீரில் நிற்கும். மின்கடத்துதிறன் மானியை நனைத்தால்தான் அது தெரியும். அப்பலாச்சிய ஓடைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2011இல் குறித்த எல்லை 300 மைக்ரோசீமன்ஸ். அந்த ஓடைகளுக்கு உரிய நீர்ப்பூச்சி இனங்களில் 95 விழுக்காட்டைக் காக்கும் அளவு எனக் கணக்கிடப்பட்டது அது. அதைத் தாண்டிய நீரும் மனிதர் குடிக்கத் தடையில்லாததாக இருக்கலாம், ஆனால் மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் இளம்பூச்சிகள் பலவற்றால் அதில் வாழ முடியாது.

பிப்ரவரி 17

அமிலம் முறியாத இடத்துக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மேகாலயாவின் ஜெயின்டியா மலைகளில் எலிவளைச் சுரங்கங்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறியவை, ஒரு குடும்பத்தின் நிலத்தில் ஒரு குழி. எந்தக் குழியையும் தனியே எடுத்து மதிப்பிட்டால் ஆற்றைக் கெடுக்கும் அளவுக்கு அது பெரிதில்லை என்றே தோன்றும். எல்லாம் சேர்ந்து ஆறுகளின் மீன்களை அழித்தன. லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாக மாறியது. கீழே அசாம் எல்லையில் கோப்பிலி நீர்மின் நிலையத்தின் இயந்திரங்களை அமில நீர் அரித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை விதித்தது. சிறியது என்பதற்காக ஒன்றைக் கணக்கிலிருந்து விடக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் அறியேன்.

மார்ச் 2

அடிப்படைத் தரவு பற்றிப் பிப்ரவரி 12இல் எழுதியதை விரிக்க வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். பருவத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு.

இரண்டாவது சுரங்கம் விண்ணப்பிக்கும்போது, அது "தற்போதைய நிலை" என்று எழுதுவது முதல் சுரங்கம் கெடுத்த ஓடையை. மூன்றாவது சுரங்கத்துக்கு, இருவரும் கெடுத்த ஓடையே தொடக்கப்புள்ளி. ஒவ்வொருவரும் தத்தம் தொடக்கப்புள்ளியிலிருந்து சற்றே கூடியதாகக் காட்டுகிறார்கள், அதில் பொய்யும் இல்லை. ஆனால் ஓடை முதலில் எப்படி இருந்தது என்ற கேள்வி எந்தத் தாளிலும் கேட்கப்படாமலே போகிறது. பழைய அளவீடு கிடைக்காவிட்டால், அதே பாறை, அதே உயரம், அதே மழை உள்ள, இன்னும் யாரும் கைவைக்காத பக்கத்து ஓடை ஒன்றைத் தேடி அதனோடு ஒப்பிட வேண்டும். கடைசியாக எஞ்சியிருக்கும் அந்த நல்ல ஓடைக்குத்தான் அடுத்த விண்ணப்பம் வரும் என்பதையும் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எல்லை. நம் அறிக்கைகள் சுரங்கத்தை நடுவில் வைத்துப் பத்துக் கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுகின்றன. நீர் வட்டத்துக்குள் ஓடுவதில்லை. அந்த வட்டத்துக்குள் மலைமுகட்டுக்கு அப்பாலுள்ள, தொடர்பே இல்லாத ஓடை அடங்கிவிடும். தொடர்புடைய ஆறு பதினோராவது கிலோமீட்டரில் விடுபட்டுவிடும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விண்ணப்பப் படிவத்திலேயே, சுற்றியுள்ள பிற திட்டங்களோடு சேர்ந்து விளையும் பாதிப்பைப் பற்றிய கேள்வி இருக்கிறது. "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் அதற்கு விடையெழுதிய படிவங்களைக் கண்டு நான் மனம் நொந்ததுண்டு.

மார்ச் 9

நீரின் தரம் பற்றியே பேசிவிட்டோம், அளவையும் பேச வேண்டும். சுரங்கம் நீரைக் கெடுக்காமலே ஓடையைக் கொல்ல முடியும்.

சிட்னி நகரின் குடிநீர்ப் பிடிப்புப் பகுதியில் நிலத்தடியில் நீள்சுவர் முறையில், அதாவது நீண்ட பட்டைகளாக முழுவதும் வெட்டி, நிலக்கரி எடுத்தபோது மேலே தரை அமிழ்ந்தது, வராட்டா ஓடையின் பாறைப்படுகை விரிசல் விட்டது, நீர் கீழே இறங்கிப்போனது. அதே பகுதியில் மணற்பாறை மேல் அமைந்த மலைச் சதுப்புகள் வறண்டன. ஒரு சதுப்பு வறண்டால் ஓடையின் கோடை ஓட்டம் சிறிது குறையும். அணைக்கு நீர் தரும் பல சதுப்புகளின் கீழும் அடுத்தடுத்துச் சுரங்கம் போனால் அந்தச் சிறு குறைவுகள் ஒன்றுசேர்கின்றன. நெய்வேலியில் வேறு வகை: பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தளம் நிலைக்கும்.

சதுப்பு என்றதும் நம் மலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவின் பள்ளங்களில், பீட் எனப்படும் மட்காத தாவரச் சேறு பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்திருக்கிறது. அதிலிருந்து கடந்த 20,000 ஆண்டுகளின் பருவநிலையைப் படித்தெடுத்த ஆய்வு 1993இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. நிலக்கரியாகும் பாதையின் முதல் படி அந்தச் சேறு. எரிக்க யாரும் அதைத் தோண்டவில்லை, ஆனால் காய்கறி பயிரிடச் சதுப்புக்குக் குறுக்கே வடிகால் வெட்டினால் ஓடைக்கு நேர்வது சிட்னிச் சதுப்புக்கு நேர்ந்ததேதான். புல்வெளியும் சோலையும் சதுப்பும் சேர்ந்து மழையைப் பிடித்து வைப்பதால்தான் மார்ச் மாதத்திலும் நம் ஓடைகளில் நீர் இருக்கிறது.

மார்ச் 23

குன்னூரிலிருந்து ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: "கேரட் கழுவுவதையும் நிலக்கரி வெட்டுவதையும் ஒரே தராசில் வைப்பது உழவர்களுக்குச் செய்யும் அநியாயம்."

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டின் நஞ்சும் ஒன்றல்ல, அளவும் ஒன்றல்ல. கழுவிய கேரட்டுக்குத்தான் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை என்றால் உழவர் கழுவத்தான் செய்வார். நான் நிலக்கரி வயலிலிருந்து எடுத்துவரச் சொல்வது கூட்டும் முறையை மட்டும். எந்தத் திட்டத்துக்கு அனுமதி என்று தொடங்காமல், எந்த ஓடை என்று தொடங்கினால், அந்த ஓடைக்கு மேலே உள்ளவை எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும்: பழைய தேயிலைத் தோட்டம், கழுவுநிலையம், விடுதியின் கழிவுநீர்த் தொட்டி, சாலையோரம் கொட்டிய மண், ஆழ்துளைக் கிணறுகள், பேரூராட்சிக் குப்பை. இவற்றில் உழவரின் பங்கு எவ்வளவு சிறியது என்பதும் அப்போதுதான் தெரியவரும். கூட்டிப் பார்க்காதவரை, ஓடையோரம் கண்ணுக்குத் தெரிகிற கேரட் மண்ணின் மீதே பழி முழுவதும் விழும்.

ஏப்ரல் 13

கேள்வி கேட்ட வாசகரும் நானும், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரும், அந்த ஓடையை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்தோம். சோலையை விட்டு வெளியேறும் இடம், தேயிலைக்குக் கீழ், கழுவுநிலையத்துக்குக் கீழ், விடுதிக்குக் கீழ், எல்லாம் சேர்ந்தபின் பாலத்தடி என்று நிறுத்தங்களை வைத்துக்கொண்டோம். பாலத்தடியைத்தான் நான் வற்புறுத்தினேன். ஒடிசாவில் எடுக்க முடியாமல் போன மாதிரி அது.

சோலை நீரில் மின்கடத்துதிறன் மானி மிகக் குறைவான அளவையே காட்டியது. நம் மலையின் பாறை எளிதில் கரையாத சார்னோகைட்டு, மேல்மண்ணோ காலங்காலமாக மழை கழுவிய மண், ஆதலால் நீரில் உப்பு சேர வழியில்லை. தேயிலையைத் தாண்டியதும் அளவு ஏறியது. உடனே தோட்டத்தின் மீது குற்றம் சொல்லத் தோன்றும், ஆனால் நிதானிக்க வேண்டும். அமில மண்ணைத் திருத்தத் தேயிலைக்கு டோலமைட்டு இடுகிறார்கள். அதன் கால்சியமும் மெக்னீசியமும் மானியில் ஏறும், உரத்தின் நைட்ரேட்டும் ஏறும். எது எவ்வளவு என்று மானி பிரித்துச் சொல்லாது. கழுவுநிலையத்துக்குக் கீழே மானியில் மாற்றம் மிகச் சிறிது. ஆனால் படுகைக் கற்களின் இடுக்குகள் எல்லாம் மெல்லிய மண்ணால் அடைபட்டிருந்தன. அதை மானி காட்டவே காட்டாது, கல்லைப் புரட்டிப் பார்த்த கைதான் காட்டியது. மேலே கல்லுக்கு அடியில் இருந்த மேஃப்ளையும் ஸ்டோன்ஃப்ளையும் அங்கே இல்லை, சிவப்புப் புழுக்கள் இருந்தன. விடுதிக்குக் கீழே நாற்றமும் சேர்ந்தது.

பூச்சிக்கு மண்ணும் கழிவுநீரும் குறைந்த ஓட்டமும் தனித்தனி அல்ல. இடுக்கு அடைபட்டால் உயிர்வளி குறைகிறது, கழிவுநீர் அதை மேலும் குறைக்கிறது, மேலே கிணறுகள் உறிஞ்சியதால் ஓட்டம் குறைந்து நீர் வெதுவெதுப்பாகிறது, வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி தங்காது. பிப்ரவரி 11இல் நான் போட்ட கணக்கு உப்புக்குப் பொருந்தும். உப்பு வெறுமனே கூடும். ஒன்றின் தீமையை மற்றொன்று பெருக்கும் இடத்தில் கூட்டல் போதாது, உயிர்களை நேரே எண்ணித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 20

"அப்படியானால் எத்தனை விழுக்காடு நிலம் மாறினால் ஓடை கெடும்? ஓர் எண் சொல்லுங்கள், மனுவில் எழுதுகிறோம்" என்கிறார்கள்.

அப்பலாச்சியாவுக்கு அப்படி ஓர் எண் உண்டு. மட் ஆற்று ஆய்வின் தொடர்ச்சியாக 2012இல் வந்த ஆய்வு, நீர்பிடிப்புப் பகுதியில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வெட்டப்பட்டாலே அங்குள்ள ஓடைகள் உயிரியல் அளவில் கெட்டவை என்ற வகைக்குள் சென்றுவிடுகின்றன என்று காட்டியது. எவ்வளவு சிறிய பங்கு என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்த எண்ணை நம் மனுவில் எழுதாதீர்கள், முதல் கேள்வியிலேயே எதிர்த்தரப்பு அதை உடைத்துவிடும். அங்கே உடைத்த பாறை, இங்கே கலைந்த மண். அங்கே உள்ள பூச்சிகளின் பட்டியல் வேறு, இங்கே உள்ளது வேறு. 300 என்ற மின்கடத்துதிறனும் அவ்வாறே. இயல்பில் உப்பே இல்லாத நம் ஓடையில் 300 வரை போகலாம் என்று நாமே எழுதிக்கொடுத்தால் அது அழிவுக்குத் தரும் உரிமமாகிவிடும். நம் சோலை ஓடையின் அளவே நமக்கு அடிப்படை. அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை எழுதுவோம்.

மே 4

யார் கூட்டுவது என்ற முதல் கேள்விக்கே திரும்புகிறேன்.

கனடாவின் எல்க் பள்ளத்தாக்கில் பல நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் சேர்த்து ஒரே நீர்த்தரத் திட்டம் 2014இல் வந்தது. செலினியம், நைட்ரேட்டு, சல்பேட்டு, காட்மியம் ஆகியவற்றுக்குப் பள்ளத்தாக்கின் குறிப்பிட்ட இடங்களில் எல்லை வைத்தார்கள். எல்லை ஓடையில் வைக்கப்பட்டது என்பதே அதன் சிறப்பு. ஆனால் அதற்குள் பல பத்தாண்டுகளின் கழிவுப்பாறை குவிந்துவிட்டதால், செலினியம் இன்னும் கசிந்துகொண்டே இருக்கிறது. கூட்டல் காலம் தாழ்ந்து வந்தது.

நம் நாட்டில் 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளை ஒட்டுமொத்தமாக மதிப்பெண் இட்டு, 43 பகுதிகளைக் கடுமையாக மாசடைந்தவை என்று அறிவித்தது. தன்பாத், கோர்பா, சிங்க்ரௌலி, அங்குல்–தால்சேர் போன்ற நிலக்கரிப் பகுதிகளும் அதில் இருந்தன. தொடர்ந்து புதிய அனுமதிகள் சில காலம் நிறுத்தப்பட்டன. இடத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியும் என்பதற்கு இது முன்னுதாரணம், ஆனால் கெட்டபின் பூட்டிய கதவு.

சட்டம் இருந்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் உள்ள "பொருண்மையான சேதம்" எதைக் குறிக்கும் என்று அந்தச் சட்டமே வரையறுக்கவில்லை. அதை வரையறுத்து 2016 டிசம்பரில் வந்த ஓடைப் பாதுகாப்பு விதியை 2017 பிப்ரவரியில் அவர்களுடைய நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. நாற்பது ஆண்டுக்கால இழுபறி சில வாரங்களில் கலைந்தது. ஆகவே அரசு கூட்டும் என்று காத்திருப்பதோடு, ஓடையின் கணக்கை ஊரும் வைத்திருக்க வேண்டும் என்கிறேன். அடுத்த கருத்துக் கேட்பிலோ ஊராட்சிக் கூட்டத்திலோ, "இத்திட்டம் தனியாக என்ன செய்யும்?" என்று கேட்காதீர்கள். "பாலத்தடியில் இப்போதுள்ள அளவு இது, சோலை வாயிலில் உள்ளது இது, இதற்கு மேல் நீங்கள் எதைச் சேர்க்கப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். கையில் மாதவாரியான தாள் இருந்தால் அந்தக் கேள்வியை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

மே 5

மானி வாங்குவது பற்றிக் கேட்டவர்களுக்கு: அதைச் சரிபார்க்க 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலைத்தான் பெரும்பாலும் கூடவே தருவார்கள். நம் ஓடைகளுக்கு அது மிக உயரம், ஆதலால் 84 கரைசலைத் தனியே கேட்டு வாங்குங்கள். நீர் ஒரு பாகை வெதுவெதுப்பானாலே அளவு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கூடும். ஜனவரியின் பனிக்காலை நீரையும் ஏப்ரல் நண்பகல் நீரையும் ஒப்பிட வேண்டுமானால், 25 பாகைக்குத் திருத்திய அளவை எழுதி, அருகில் நீரின் வெப்பநிலையையும் முந்தைய மூன்று நாள் மழையையும் குறித்துவையுங்கள். ஓட்டத்தின் அளவு இல்லாத செறிவைக் கொண்டு சுமையைக் கணக்கிட முடியாது, எனவே பாலத்தடியில் ஓர் அளவுகோலைத் தூணில் வண்ணத்தால் வரைந்துவிடலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் அதை முடிக்க வேண்டும்.